ஐஸ் பெட்டி சொல்லும் கட்டடப் பாடம்

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

'வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் பழமொழி. கல்யாண மண்டபமே கட்டப் புறப்பட்டவருக்கு இவ்விரு தொல்லைகளும் ஒருங்கே வந்து சேர்வதில் வியப்பில்லை. அப்படிப்பட்ட ஒரு மண்டபத்தின் வரைபடம் சென்ற கோடை விடுமுறையில் என் கைக்கு வந்தது. அதன் மூலம் நான் கற்றுக்கொண்டதை நம் கல்லூரி நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவன். அப்பா ஏரியிலும் கடலிலும் மீன் பிடிப்பவர். அம்மா கூடையில் மீன் சுமந்து விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். விடுமுறையில் படிப்புச் செலவுக்குப் பணம் வேண்டி, கட்டட வரைபடம் போட்டுத் தரும் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். நகல் எடுப்பது, தேநீர் வாங்கி வருவது, நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது ஆகியவையே என் பணிகள்.

ஒருநாள் சாலையோர மனை ஒன்றில் மண்டபம் கட்ட வந்தவர், சென்னையில் தாம் பார்த்த ஒரு கட்டடத்தின் படத்தை மேசைமேல் வைத்தார். முகப்பு முழுவதும் கண்ணாடி. மண்டபம் முழுவதும் ஏ.சி. முகப்பு பார்க்கும் திசையோ மேற்கு! மின்சாரக் கணக்குப் போட்டபோது இணைப்புப் பளு 100 கிலோவாட்டைத் தாண்டிவிட்டது. 'அப்படியானால் ஆற்றல் சிக்கனக் கட்டட விதிக்கு இது உட்படுமே' என்று மின்பணி பார்ப்பவர் சொல்லிவிட்டுப் போனார்.

பொறியாளர் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே? எனக்குச் செங்கல் கணக்கு தெரியும், கம்பி கணக்கு தெரியும். இதுல இருக்கிற நம்பரெல்லாம் எதுக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார். முப்பது ஆண்டு அனுபவமுள்ள அவர், இருபது வயது எடுபிடியிடம் அப்படிக் கேட்கத் தயங்கவில்லை. அந்தப் பெருந்தன்மையிலிருந்துதான் என் பாடம் தொடங்கியது.

விதி எப்படிப் பிறந்தது?

1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. கட்டடங்கள் விழுங்கும் ஆற்றலை அளந்து கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் மேலைநாடுகளில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1978 இல் இத்தகைய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001 இல் நிறைவேறியது. ஆற்றல் திறன் செயலகம் 2002 இல் அமைந்தது. வணிகக் கட்டடங்களுக்கான 'ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு' முதன்முதலாக 2007 இல் வெளிவந்து, 2017 இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், நீடித்த கட்டடங்களையும் பெயரில் சேர்த்துக்கொண்ட புதிய தொகுப்பு 2024 இல் வந்தது. நான் படித்ததும் இங்கே எண்கள் தருவதும் 2017 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே.

இணைப்புப் பளு 100 கிலோவாட்டோ, ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ.வோ, அதற்கு மேலோ உள்ள வணிகக் கட்டடங்களுக்கு இது உரியது. அலுவலகம், மருத்துவமனை, விடுதி, கடைத்தொகுதி, கல்விக்கூடம், மண்டபம் எல்லாம் இதில் அடங்கும். வேண்டுமானால் இந்த வரம்பை மாநிலங்கள் இன்னும் தாழ்த்திக்கொள்ளலாம் என்றும் 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

"கரண்ட் பில் கட்டப் போகிறவர் அவர், அரசுக்கு என்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கட்டுபவர் ஒருவர், வாடகைக்கு எடுத்து பில் கட்டுபவர் வேறொருவர் என்பது முதல் விடை. இரண்டாவது விடை எங்கள் ஊருக்கு நெருக்கமானது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர்ப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. வல்லூரில் 1500 மெகாவாட் திறனுள்ள இன்னொரு நிலையம் இருக்கிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் கரி எரிய வேண்டும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல். அந்தச் சாம்பலை எங்கே சேர்ப்பது என்பது எண்ணூர்க் கழிமுகத்தின் நெடுநாள் வழக்கு. எங்கோ ஒரு கண்ணாடி மாளிகையில் வீணாகும் குளிர்ச்சிக்கு யாரோ ஒரு மீனவரின் நீர்நிலை விலை கொடுக்கிறது. இந்த எண்ணம் வந்தபின் அந்தத் தடித்த புத்தகத்தை நான் கீழே வைக்கவில்லை.

ஐஸ் பெட்டியும் லீயின் வட்டும்

முதல் மூன்று நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை மறைப்பானேன்? ஆங்கிலம் ஒரு பக்கம் மிரட்டியது. அட்டவணைகள் மறுபக்கம் மிரட்டின. 'யு எண்' என்ற ஒன்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. நான்காம் நாள் விடியலில் அப்பா இறாலை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் நொறுக்கிய ஐஸ், மேலே இறால், அதன்மேல் மீண்டும் ஐஸ். மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டினார். "மூடி கொஞ்சம் தூக்கிக்கினு இருந்தாலும் போச்சுடா. வியாபாரி வர்றதுக்குள்ள தண்ணியாப்பூடும்" என்றார்.

அப்போது பொறி தட்டியது. குளிரூட்டிய கட்டடம் என்பது ஒரு பெரிய ஐஸ் பெட்டி! பெட்டியின் சுவர், மூடி, ஓட்டை ஆகிய மூன்றையும்தான் அந்தப் புத்தகம் பேசுகிறது. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகின்றன? கண்ணாடி எவ்வளவு வெயிலை விடுகிறது? இடுக்கு வழியே எவ்வளவு காற்று கசிகிறது? விளக்கு, ஏ.சி. எந்திரம், மின்சாதனம் பற்றிய விதிகள் இவற்றுக்கு அடுத்தபடியானவை.

லீயின் வட்டுச் சோதனையை நம் ஆய்வகத்தில் செய்தவர்கள் அரிதிற் கடத்தியின் வெப்பக் கடத்துத்திறனைக் கணக்கிட்டிருப்போம். அட்டையைப் பித்தளை வட்டின்மேல் வைத்து, நீராவி செலுத்தி, பத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்தும் இருப்போம். அதே கடத்துத்திறன்தான் இங்கே சுவராகவும் கூரையாகவும் எழுந்து நிற்கிறது. கான்கிரீட்டின் கடத்துத்திறன் ஏறக்குறைய 1.58. தெர்மாகோலின் கடத்துத்திறன் ஏறக்குறைய 0.035. ஒன்றை மற்றதால் வகுத்தால் 45 வருகிறது. அதாவது ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க 45 அங்குலக் கான்கிரீட் வேண்டும்! கான்கிரீட் பெட்டியில் எவராவது இறாலை அனுப்புவாரா? ஆனால் மனிதர்களை அதில்தான் உட்கார வைக்கிறோம்.

கூரைக் கணக்கு

ஒரு பொருளின் தடிமனை அதன் கடத்துத்திறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். மின்தடைகளைத் தொடராக இணைத்துக் கூட்டுவது போலவே அடுக்குகளின் வெப்பத்தடைகளையும் கூட்டலாம். மொத்தத் தடையின் தலைகீழ் மதிப்பே 'யு எண்'. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை அது சொல்லும். எண் சிறிதானால் பெட்டி நல்ல பெட்டி.

12 சென்டிமீட்டர் கான்கிரீட் கூரையை எடுத்துக்கொள்வோம். 0.12 ஐ 1.58 ஆல் வகுத்தால் 0.076. கூரையின் மேலும் கீழும் ஒட்டியுள்ள காற்றுப் படலங்களின் தடை 0.21. மொத்தம் 0.286. தலைகீழாக்கினால் யு எண் 3.5. விதி கேட்பதோ 0.33. பத்து மடங்குக்கும் மேலான இடைவெளி! பத்து டிகிரி வேறுபாட்டில் வெறும் கூரை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 35 வாட் வெப்பத்தை இறக்குகிறது. விதிப்படியான கூரை 3.3 வாட் மட்டுமே இறக்கும்.

இடைவெளியை நிரப்ப என்ன செய்வது? தேவையான மொத்தத் தடை 3.03. இருப்பது 0.286. மீதி 2.74 ஐத் தெர்மாகோலின் கடத்துத்திறனால் பெருக்கினால் 0.096 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். நல்ல அடர்த்தியுள்ள நுரைப் பலகையானால் இன்னும் குறையும். அதன்மேல் தட்டோடு பதித்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெளிர் நிறப் பூச்சும் கொடுக்க வேண்டும். தட்டையான கூரை தன்மேல் விழும் வெயிலில் குறைந்தது 60 விழுக்காட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி சொல்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது பொறியாளர், "இவ்வளவுதானா? இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நாங்க ஏன் பயப்படப்போறோம்?" என்றார்.

கண்ணாடியும் ஐஸும்

அடுத்தது மேற்கு முகப்பு. கண்ணாடி எவ்வளவு சூரிய வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. அதைச் சூரிய வெப்ப ஈட்டு எண் எனலாம். சாதாரணக் கண்ணாடிக்கு அது 0.8 அளவு, நூறு பங்கு வெயிலில் எண்பது பங்கு உள்ளே வந்துவிடும். எங்கள் பகுதி போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க மண்டலத்தில் விதி அனுமதிப்பது 0.27. அத்தோடு வெளிச்சுவரின் மொத்தப் பரப்பில் சன்னல் கண்ணாடி 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

முகப்பில் 30 சதுர மீட்டர் கண்ணாடி. மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடி வழியே 14,400 வாட் நுழையும். இதை ஏ.சி. மொழியில் சொன்னால் நான்கு டன். 'டன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் கரையும்போது உறிஞ்சும் வெப்ப வீதமே ஏ.சி.யின் ஒரு டன். ஐஸ் வியாபாரக் காலத்துச் சொல் இன்றும் எந்திரத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

ஆகவே கணக்கை ஐஸிலேயே முடிக்கலாம். மூன்று மணி நேர மாலை வெயிலில் அந்தக் கண்ணாடி கரைக்கும் ஐஸ் ஏறக்குறைய 465 கிலோ. 0.27 எண்ணுள்ள கண்ணாடியானால் 157 கிலோ. முன்னால் ஆழமான தாழ்வாரம் இறக்கினால் இன்னும் குறையும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவ்ளோ ஐஸ் இருந்தா ஒரு வாரப் பாட்டுக்கு ஆவுமே, யாருடா அதை வெயில்ல கொட்றது?" என்றார். மண்டபக்காரருக்கும் மறுநாள் இதே கணக்கைத்தான் சொன்னோம். கிலோவாட் என்றபோது அசையாதவர் ஐஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா திருத்திய பிழை

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'வடக்குப் பக்கம் வெயில் படாது. அங்கே எந்தக் கண்ணாடியும் போடலாம்' என்று நான் குறிப்பில் எழுதிவிட்டேன். பொதுவாக அப்படித்தான் படித்திருந்தேன். அன்றிரவு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது, "வடக்கால வெயில் படாதா? வைகாசியில நம்ம வடக்குச் சன்னல்ல வெயில் வந்து விழலியா?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன்.

பழவேற்காடு ஏறக்குறைய 13½ பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறான். புத்தகத்தை மீண்டும் புரட்டினேன். வட அகலாங்கு 15 பாகைக்கு மேலுள்ள ஊர்களில் வடக்குக் கண்ணாடிக்கு 0.50 வரை சலுகை. அதற்குக் கீழுள்ள ஊர்களில் அங்கும் 0.27 தான் என்று அட்டவணையில் தெளிவாக இருந்தது. அவ்வரியை நான் கவனிக்காமல் தாண்டியிருந்தேன். பள்ளி வாசலே மிதிக்காத அம்மாவின் கண் அட்டவணையின் அந்த வரிக்குச் சாட்சி சொன்னது. மறுநாள் குறிப்பைத் திருத்திக் கொடுத்தேன்.

இணங்குவதற்கு வழிகள்

விதி என்றாலே ஒரே வழி என்று நினைத்து மிரள வேண்டியதில்லை. கூரைக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே அட்டவணைக்கு இணங்கலாம். இது எளிய வழி. கூரை, சுவர், கண்ணாடி ஆகியவற்றுள் ஒன்றில் குறைந்ததை மற்றொன்றில் கூட்டி ஈடுகட்டுவது இரண்டாம் வழி. கட்டடம் முழுவதையும் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்து, அதன் ஆண்டு மின்செலவு அதே அளவுள்ள மாதிரிக் கட்டடத்தின் செலவைத் தாண்டவில்லை என்று காட்டுவது மூன்றாம் வழி.

இவற்றை வடிவமைப்பாளர்களுக்குப் புரியவைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2009 இல் இவ்விதிக்கு ஒரு விளக்கக் கையேடு வந்தது. 2011 இல் தொடங்கிய இந்திய - சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டம், கட்டடக்கலைஞரையும் மின்பணி, ஏ.சி. பொறியாளர்களையும் வரைபடம் உருவாகும் தொடக்கத்திலேயே சில நாள் ஒன்றாக உட்கார வைத்தது. வரைபடம் முடிந்தபின் விதியைப் பார்ப்பது, இறால் கெட்டபின் ஐஸ் தேடுவது போன்றது. கட்டடத்தின் முகத்தைத் திருப்பவும் சன்னலைச் சுருக்கவும் தாளில் ஒரு அழிப்பான் போதும். கட்டியபின் கடப்பாரை வேண்டும்.

பாடு சொல்லும் நியாயம்

எங்கள் ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் வரும் நல்ல துறைகள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் சுத்து வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களுக்கும் அவற்றின் வலைக்காரர்களுக்கும் முறை வைத்துத் துறைகள் பகிரப்படுகின்றன. இதிலும் பூசல் உண்டு. பாட்டில் இடமில்லாதவர்களின் மனக்குறையும் உண்டு. ஆயினும் பாட்டுக்கு உரியவர் வீட்டுச் சிறுவனைக் கேட்டாலும் அந்த முறை ஏன் வந்தது என்று சொல்வான். காரணம் தெரிந்த விதிக்குக் காவல் குறைவாகவே தேவைப்படும்.

கட்டட விதியும் அப்படி ஆக வேண்டும். 0.33 என்று மட்டும் சொன்னால் அது மிரட்டல். அதற்குள் இருக்கும் ஐஸ் பெட்டியைக் காட்டினால் அது அறிவு. நம் ஊர்ப் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் மொழியில், அவர்கள் கைப்பொருளை வைத்து எவரும் சொல்லாததே குறை.

மண்டபமும் எங்கள் வீடும்

மண்டபம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கூரைக்கு நுரைப் பலகை போட உரிமையாளர் இசைந்தார். கண்ணாடி குறைந்து, மேற்கே தாழ்வாரம் வந்தது. சுவருக்குச் செலவு செய்யத்தான் மனம் வரவில்லை. ஈடுகட்டும் வழியில் அது தேறுமா என்று கணக்கிட, தகுதியுள்ள ஒரு வல்லுநரிடம் வரைபடம் போயிருக்கிறது. என் கணக்கு அறிமுகத்துக்கு உதவும், சான்றளிக்க உதவாது. ஆனால் நான் தமிழில் எழுதிய ஒருபக்க அட்டவணையைப் பொறியாளர் தம் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறார். அங்கு வரும் மேஸ்திரிகள் அதைப் படிக்கிறார்கள் என்பதே என் முதல் பட்டம்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. 2004 சுனாமிக்குப் பின் எங்கள் குப்பத்தில் கீற்று வீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்தன. புயலுக்கும் நெருப்புக்கும் அஞ்சாமல் படுக்கலாம் என்று அம்மா அதை வாழ்த்துவார், அது உண்மை. ஆனால் சித்திரை இரவில் அந்தக் கூரையின்கீழ் படுக்க முடியாமல் பாயைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு வருவோம், அதுவும் உண்மை. குடியிருப்புகளுக்கு 2018 இல் தனி விதித்தொகுப்பு வந்தது. கூரையின் யு எண் 1.2 ஐத் தாண்டக் கூடாது என்கிறது அது. எங்கள் கூரைக்கு 2 சென்டிமீட்டர் தெர்மாகோல் போதும் என்று கணக்கு சொல்கிறது. நம் மண்டலத்தில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கும் வாயில்களாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. எங்கள் உள்ளறை 120 சதுர அடி. திறப்பு 20 சதுர அடி வேண்டும். இருப்பது 12 சதுர அடிச் சன்னல் ஒன்று. ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளுக்கு அந்த விதி பேசவில்லை. எங்கள் வீடு எந்த விதியின் கணக்கிலும் இல்லை.

விதி வராவிட்டால் என்ன, அதன் அறிவு வரலாமன்றோ? விடுமுறையின் கடைசி வாரம் நானும் தம்பியும் மாடியில் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தோம். அண்டை வீட்டார் சிரித்தார்கள். சில நாள் கழித்து அம்மா நண்பகலில் உள்ளே படுத்து உறங்கினார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமா, "எத்தினி கிலோடா சுண்ணாம்பு வாங்கினே?" என்று கேட்டார்.

நண்பர்களே! நம்மில் பலரின் தந்தையர் கொத்தனார்கள், மேஸ்திரிகள், மீனவர்கள், உழவர்கள். அடுத்த முறை லீயின் வட்டின் முன் நிற்கும்போது பத்து மதிப்பெண்ணை மட்டும் எண்ணாதீர்கள். அந்த அட்டைக்கும் உங்கள் வீட்டுக் கூரைக்கும் உள்ள உறவை எண்ணுங்கள். எண்ணியதை வீட்டில் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அவர்கள் திருத்துவார்கள்!